துருப்பிடிச்ச பிரேக் பைப்: காருக்கு அடியில பார்க்கக் கத்துக்கலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இடைவெளிகளையும் திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளையும் எடுத்துட்டு, கொஞ்சம் சீர் பண்ணியிருக்கோம்.)

வழக்கமா இங்க கோட், கேட்ஜெட், ஆபீஸ் வாழ்க்கைன்னு பேசுவோம். இன்னைக்கு லேப்டாப்பை மூடிட்டு காருக்கு அடியில போகப் போறோம். டாபிக், பிரேக் பைப். அதுலயும் துருப்பிடிச்ச பிரேக் பைப்.

ஏன் இந்த டாபிக்னா, எங்க வீட்டுல 13 வயசான ஒரு ஹேட்ச்பேக் இருக்கு. வீடு திருவான்மியூர், கடற்கரைக்கு நடந்தே போயிடலாம். கார் வாங்கின நாள்ல இருந்து திறந்தவெளி பார்க்கிங்தான். அதை அதிகமா ஓட்டுறது அப்பா. மாசம் ரெண்டு தடவை ஈசிஆர்ல பாண்டிச்சேரிக்குப் போய் அத்தையைப் பார்த்துட்டு வருவார். இந்த வருஷ ஆரம்பத்துல பிரேக் ஆயில் டப்பால அளவு குறைஞ்சிருந்துச்சு. சர்வீஸ் விட்ட இடத்துல ஊத்தி நிரப்பிக் கொடுத்தாங்க. ஆறே வாரத்துல மறுபடி குறைஞ்சுது. பேட் தேய்மானத்துக்கு அவ்வளவு வேகமா குறையாது. அப்போ எங்கேயோ கசியுது.

அப்பா சொன்னது: "ஒரு பாட்டில் வாங்கி டிக்கில போட்டுக்கறேன், குறைஞ்சா ஊத்திக்கலாம்." நான் சொன்னது: "வேணாம்ப்பா, எங்க கசியுதுன்னு தெரியற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க." ஏன் அப்படிச் சொன்னேன்ங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

நான் மெக்கானிக் இல்லைங்க. இன்ஜினியரிங் படிச்சிருக்கேன், ஆனா கையால செஞ்ச வேலைன்னா ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப் லேப்ல இரும்புத் துண்டை அரம் வச்சுத் தேய்ச்சதோட சரி. கடந்த ரெண்டு வருஷமா வார இறுதிகள்ல வண்டி வேலை கத்துக்கிட்டு வரேன். அதனால இதை "எல்லாத்தையும் நீங்களே பண்ணுங்க" எபிசோடா எடுத்துக்காதீங்க. எதை நாம பண்ணலாம், எந்த இடத்துல நிறுத்தணும், இந்த ரெண்டையும் சேர்த்தே பேசப் போறோம்.

பெடலை மிதிச்சா என்ன நடக்குது?

பள்ளிக்கூடத்துல பாஸ்கல் விதி படிச்சிருப்போம். மூடின பாத்திரத்துல இருக்குற திரவத்தை ஒரு இடத்துல அழுத்தினா, அந்த அழுத்தம் எல்லா பக்கமும் ஒரே அளவுல பரவும். கார் பிரேக் அவ்வளவுதான். நீங்க பெடலை மிதிக்கிறீங்க, மாஸ்டர் சிலிண்டர்ல இருக்குற பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுது, அது மெல்லிய இரும்புக் குழாய் வழியா நாலு வீலுக்கும் அழுத்தத்தைக் கொண்டு போகுது. அந்தக் குழாய்தான் பிரேக் பைப், இல்லன்னா பிரேக் லைன்.

எவ்வளவு அழுத்தம்? ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். காலால 20 கிலோ அளவுக்கு அழுத்துறீங்கன்னு வைங்க. பெடல் ஒரு நெம்புகோல், அது நாலு மடங்காக்கினா 80 கிலோ. வேக்யூம் பூஸ்டர் இன்னும் மூணு மடங்காக்கினா 240 கிலோ. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 20 மி.மீ. விட்டம்னா பரப்பு சுமார் 3.14 சதுர செ.மீ. வகுத்துப் பார்த்தா ஒரு சதுர செ.மீ.க்கு 76 கிலோ வருது. உங்க கார் டயர்ல இருக்கிறது 2 கிலோ சொச்சம். அதைவிட 30 மடங்குக்கு மேல.

இவ்வளவையும் தாங்குற குழாயோட வெளி விட்டம் பெரும்பாலான கார்கள்ல 4.75 மி.மீ. சுவரோட தடிமன் சுமார் 0.7 மி.மீ., கிட்டத்தட்ட உங்க ஏடிஎம் கார்டு அளவு. புதுசா இருக்கும்போது அது தேவைக்கு மேலயே தாங்கும். எஃகுத் தகட்டை ரெண்டு சுத்து சுருட்டி, தாமிரத்தால பற்றவச்சு, மேல துத்தநாகப் பூச்சு, அதுக்கும் மேல பிளாஸ்டிக் பூச்சுன்னு கவனமா செஞ்ச குழாய் அது. ஆனா ரோட்டுக் கல் தெறிச்சு மேல்பூச்சுல ஒரு கீறல் விழுந்தா அங்க இருந்து கதை மாறுது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. தினமும் டிராஃபிக்ல நாம மெதுவாத்தான் பிரேக் போடறோம். பாதி அரிச்சுப்போன குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்கிட்டே இருக்கும், எந்த அறிகுறியும் காட்டாது. குறுக்க ஒருத்தர் வந்து நாம முழு பலத்தோட மிதிக்கிற நொடியிலதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். குழாய் வெடிக்கிறதுக்கு அதிக வாய்ப்பு இருக்கிறது அந்த நொடியிலதான். பிரேக் ரொம்பத் தேவைப்படுற நேரமும் அதுதான்.

ஒரு ஆறுதலும் இருக்கு. இன்னைக்கு ஓடுற கார்கள்ல பிரேக் ரெண்டு தனித்தனி சர்க்யூட்டா இருக்கும். அமெரிக்காவுல 1968ல இருந்தே இது கட்டாயம். முன்வீல் டிரைவ் கார்கள்ல பெரும்பாலும் குறுக்கா பிரிச்சிருப்பாங்க: முன்னாடி இடது வீலும் பின்னாடி வலது வீலும் ஒரு சர்க்யூட், மத்த ரெண்டும் இன்னொண்ணு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு வேலை செய்யும். ஆனா பெடல் திடீர்னு ஆழமா இறங்கும், பிரேக் பலம் பாதியாகும், கார் நிக்குற தூரம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். ஈசிஆர்ல 80ல போகும்போது அந்த ரெண்டு மடங்கு என்னன்னு யோசிச்சுக்கோங்க. நம்ம சர்வர் பேக்அப் மாதிரி, இருக்குன்னு தைரியமா இருக்கலாம், ஆனா பேக்அப்லயே ஓட்டிட்டு இருக்கக் கூடாது.

கடற்கரை வீட்டு வண்டி ஏன் சீக்கிரம் துருப்பிடிக்குது?

பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். ஜன்னல் கம்பி, கேட், ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் என்ன ஆகும்னு தினமும் பார்க்குறீங்க. கடல் அலை உடையும்போது கிளம்புற நுண்ணிய உப்புத் துளிகள் காத்துல வந்து எல்லாத்து மேலயும் படியுது.

உப்புக்கு ஒரு குணம். மழைக்காலத்துல வீட்டுல கல் உப்பு ஜாடி தானா கசிஞ்சு ஈரமாகுமே, அதேதான். காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினா சாதாரண உப்பு காத்துல இருந்தே தண்ணிய இழுத்துக் கரைய ஆரம்பிச்சுடும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு, அது இன்னும் குறைவான ஈரப்பதத்துலயே ஈரமாகும். சென்னை ராத்திரிகள்ல ஈரப்பதம் 75ஐத் தாண்டுறது சாதாரணம். அதாவது ஒரு சொட்டு மழை பெய்யலைன்னாலும், காருக்கு அடியில உப்புத் தண்ணிப் படலம் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும். துருவுக்குத் தேவையான இரும்பு, ஆக்சிஜன், ஈரம், அதை வேகமாக்குற குளோரைடு எல்லாம் ஒரே இடத்துல.

இன்னொண்ணு. காரோட மேல்பக்கத்தை மழை கழுவிடும். அடிப்பக்கத்தை யாரும் கழுவுறதில்ல. அதனால உப்பு வருஷக்கணக்கா அங்கேயே சேருது. முக்கியமா பிளாஸ்டிக் கிளிப் குழாயைப் பிடிச்சிருக்குற இடம், பின் அச்சுக்கு மேல, பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்துல. சேறு தங்குற இடம் எதுவோ அங்கதான் துரு முதல்ல வரும்.

யூடியூப்ல பிரேக் லைன்னு தேடினீங்கன்னா வர்ற வீடியோ பெரும்பாலும் அமெரிக்காவுல ஒஹாயோ, மிச்சிகன், நியூயார்க் பக்கம் எடுத்ததா இருக்கும். அங்க பனி உருக ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அது அடியில ஒட்டி குழாயை அரிக்கும். ஜெனரல் மோட்டார்ஸோட 1999–2003 மாடல் டிரக், எஸ்யூவிகள்ல பிரேக் பைப் துருப்பிடிச்சு விட்டுப்போன புகார்களை அந்த நாட்டு வாகனப் பாதுகாப்பு அமைப்பு பல வருஷம் விசாரிச்சுது. 2015 ஏப்ரல்ல ரீகால் எதுவும் இல்லாமயே விசாரணையை முடிச்சு, இது ஒரு கம்பெனியோட பிரச்சினை மட்டும் இல்ல, உப்பு போடுற மாநிலங்கள்ல பழைய வண்டி எல்லாத்துக்கும் வரக்கூடியதுன்னு சொன்னாங்க. கூடவே ஒரு எச்சரிக்கை: அடிப்பக்கத்தைக் கழுவுங்க, பிரேக் பைப்பைப் பாருங்க, ஒரு இடத்துல செதில் செதிலா துரு உரிஞ்சா அந்தத் துண்டை மட்டும் இல்லாம மொத்தத்தையும் மாத்துங்க. நமக்கு ரோட்டு உப்பு கிடையாது, கடல் உப்பு உண்டு. அந்த அறிவுரை அப்படியே பொருந்தும்.

15 வருஷம் யாரும் பார்க்க மாட்டாங்க

இங்கிலாந்துல கார் வாங்கி 3 வருஷம் ஆனதும், அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஒரு கட்டாய சோதனை உண்டு. எம்ஓடி டெஸ்ட்னு பேரு. அதுல லிஃப்ட்ல தூக்கி பிரேக் பைப் வரைக்கும் பார்ப்பாங்க. ஜெர்மனியில புதுக் காருக்கு முதல் 3 வருஷம், அப்புறம் 2 வருஷத்துக்கு ஒரு தடவை.

நம்ம ஊர்ல சொந்த உபயோகக் காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம். அது முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்கும்போதுதான் வண்டி தகுதியா இருக்கான்னு ஆர்டிஓ பக்கம் சோதனை, அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. நடுவுல அந்த 15 வருஷம் அடியில பார்க்கணும்னு சட்டப்படி யாருக்கும் கட்டாயம் இல்ல. சர்வீஸ்ல பார்த்தா உண்டு. பார்த்தாங்களான்னு நமக்குத் தெரியணும்னா, என்ன பார்க்கணும்னு முதல்ல நமக்குத் தெரியணும். வீட்டுல மெக்கானிக் வேலை கத்துக்கிறதுல எனக்குக் கிடைச்ச பெரிய பலன் காசு மிச்சம் இல்லைங்க. சரியான கேள்வி கேட்கத் தெரிஞ்சதுதான்.

அடியில போறதுக்கு முன்னாடி

இதைத் தாண்டிப் போகாதீங்க, ப்ளீஸ். காரோட வர்ற ஜாக்கி டயர் மாத்தத்தான். அது மேல நிக்குற காருக்கு அடியில தலையோ கையோ போகவே கூடாது. ஜாக்கி தூக்கும், ஜாக் ஸ்டாண்ட்தான் தாங்கும். சமதளமான சிமென்ட் தரை, ரெண்டு ஸ்டாண்ட், தரையில இருக்குற வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை. செங்கல் வேணாம், பாரத்துல பொளக்குனு உடைஞ்சிடும். ஹாலோ பிளாக் சுத்தமா வேணாம். ஸ்டாண்ட்ல நிறுத்தினதும் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க. ஆடினா இறக்கிட்டு மறுபடி வைங்க. வீட்டுல யாராவது ஒருத்தர் பக்கத்துல இருக்கட்டும்.

கண்ணாடி கண்டிப்பா போடுங்க. துரு செதில் நேரா கண்ணுலதான் விழும்.

ஸ்டாண்ட் இல்லையா? பரவாயில்ல. வாட்டர் வாஷ் பண்ற இடத்துல கார் லிஃப்ட்ல நிக்கும்போது, அங்க இருக்கிறவங்களைக் கேட்டுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. பார்க்குறதுக்கு அதுவே போதும்.

என்ன பார்க்கணும்?

நாலு வீலோட உள்பக்கத்தையும் முதல்ல பாருங்க. டயர் உள்சுவர்லயோ பிரேக் டிரம்லயோ ஈரம் இருந்தா, அது தண்ணியா, எண்ணெய்ப் பிசுக்கா? பிரேக் ஆயில் வழவழன்னு இருக்கும், லேசான மஞ்சள், பழசுன்னா பழுப்பு. அடுத்து முன்னாடியில இருந்து பின்னாடி வரைக்கும் குழாயைக் கண்ணால தொடர்ந்து போங்க. பக்கத்துலயே பெட்ரோல் குழாயும் ஓடும், அது கொஞ்சம் பெரிசு.

மேல லேசா பழுப்பு நிறம் மட்டும் இருந்தா அது மேல்துரு. துணியால துடைச்சா கீழ வழுவழுன்னு உலோகம் தெரியும். கண்காணிச்சா போதும். கையால தடவும்போது சொரசொரன்னு மேடு பள்ளமா இருந்தா, செதில் உரிஞ்சு வந்தா, குழாய் வீங்கின மாதிரி இருந்தா, மாத்தியே ஆகணும். ஸ்க்ரூடிரைவரால சுரண்டிப் பார்க்காதீங்க. கடைசியா மிச்சம் இருக்குற தகட்டையும் நீங்களே ஓட்டை போட்டுடலாம். வீல் பக்கத்துல இருக்குற ரப்பர் ஹோஸையும் வளைச்சு வெடிப்பு இருக்கான்னு பாருங்க.

எங்க கார்ல பின் அச்சுக்கு மேல, வலது பக்கம், ஒரு பிளாஸ்டிக் கிளிப்புக்குக் கீழ ஈரம். கிளிப்புக்கு ரெண்டு பக்கமும் குழாய் ஓரளவு நல்லாத்தான் இருந்துச்சு. கிளிப்பைக் கழட்டினா உள்ள கரையான் அரிச்ச மரம் மாதிரி. நின்னுட்டு பானெட்டைத் திறந்து பார்க்குற யாருக்கும் அது தெரிய வாய்ப்பே இல்ல. அப்பாவைக் கூப்பிட்டு டார்ச் அடிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்தார். அந்த வாரம் பாண்டிச்சேரிக்கு பஸ்லதான் போனார்.

மாத்துறது: எது நம்ம வேலை, எது இல்ல

எங்க தெரு முனையில ஒரு சின்ன ஷெட் வச்சிருக்குற மெக்கானிக் அண்ணன்தான் எனக்கு குரு. காரை அங்க ஓட்டிட்டுப் போகல, அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்து பார்த்துட்டு, "தம்பி, இடது பக்கமும் இதே வயசுதான். ரெண்டையும் மாத்திடுவோம்"னார். சரியான முடிவு. ஒரே கடல் காத்து, ஒரே வருஷம், ஒரே உலோகம். ஒண்ணு போச்சுன்னா அடுத்தது வரிசையில நிக்குது.

இந்த வேலையில மூணு கட்டம் இருக்கு.

முதல் கட்டம், பழசைக் கழட்டுறது. ஜாயின்ட் நட்டு துருவுல இறுகியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடிச்சு விடணும். சாதாரண ஓப்பன் ஸ்பானர் போட்டா நட்டோட ஆறு முனையும் மழுங்கிடும். இதுக்குன்னே ஃப்ளேர் நட் ஸ்பானர் இருக்கு, ரிங் ஸ்பானர்ல குழாய் நுழைய ஒரு வாய் வெட்டின மாதிரி. நிறைய கார்களுக்கு 10 மி.மீ. பொருந்தும். பொறுமை இருந்தா இதை நாமளே பண்ணலாம். பழைய குழாயை வளையாம பத்திரமா வெளிய எடுங்க, புதுசுக்கு அதுதான் அச்சு.

ரெண்டாவது, புதுக் குழாய். உங்க மாடலுக்கு கம்பெனி பைப் கிடைச்சா அதுதான் சுலபம். வளைச்சு, நட்டு மாட்டி, முனை அடிச்சு ரெடியா வரும். சென்னையில ஸ்பேர்ஸ்னா ஜி.பி. ரோடு, அங்க ஒரு நடை நடந்தா தெரிஞ்சிடும். புதுப்பேட்டையில பழைய வண்டியில இருந்து கழட்டின பைப்பும் கிடைக்கலாம். ஆனா பிரேக் பைப்பை மட்டும் பழசு வாங்காதீங்க. நம்ம குழாய்க்கு என்ன ஆச்சோ அது அதுக்கும் ஆகியிருக்கும்.

ரெடியா கிடைக்கலைன்னா நீளக் குழாய் வாங்கி வளைச்சு முனை அடிக்கணும். இங்க தாமிர–நிக்கல் கலவைக் குழாய்னு ஒண்ணு உண்டு. சுமார் 90 சதவீதம் தாமிரம், 10 சதவீதம் நிக்கல். துருப்பிடிக்காது, கையாலயே வளையும். வோல்வோ கம்பெனி 1976ல இருந்தே இதைப் பயன்படுத்துச்சு. கடற்கரைக்காரங்களுக்கு இது நல்ல தேர்வு. ஆனா ஏசி மெக்கானிக் பயன்படுத்துற சுத்தத் தாமிரக் குழாய் வேற. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் கம்மி. அது அதிர்வுல இறுகி இறுகி ஒரு நாள் விரிசல் விடும். பிரேக்குக்கு அது கூடவே கூடாது.

முனை அடிக்கிறதுதான் மொத்த வேலையோட உயிர். குழாய் முனையை விரிச்சு உள்பக்கமா மடிச்சு ரெட்டைச் சுவர் ஆக்கணும். டபுள் ஃப்ளேர்னு சொல்வாங்க, 45 டிகிரி கோணம். ஏசி குழாய்க்கு அடிக்கிறது ஒற்றை ஃப்ளேர், அந்த டூல் இதுக்கு ஆகாது. ஐரோப்பிய கார்கள்ல பெரும்பாலும் குமிழ் வடிவ முனை இருக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போட்டா இறுக்கும்போது உட்கார்ந்த மாதிரியே தெரியும், அழுத்தத்துல கசியும். முனை கொஞ்சம் கோணலா வந்தாலும் வெட்டிப் போட்டுட்டு மறுபடி அடிக்கணும். நான் வேஸ்ட் குழாய்ல 20 முனை அடிச்சுப் பழகினேன். கடைசி ஏழெட்டு சுமாரா வந்துச்சு. ஆனா எங்க கார்ல இருக்கிற முனைகள் அண்ணன் அடிச்சது. அப்பா ஓட்டுற வண்டி என் பயிற்சிக்கூடம் இல்லைங்கிறதுல எனக்கு எந்தக் குழப்பமும் இல்ல. கோட் தப்பா போனா ரோல்பேக் பண்ணலாம். இதுல அது கிடையாது.

குறுக்கு வழிகள் பத்தியும் சொல்லிடறேன். எம்-சீல் வச்சு அடைக்கிறது, ஓட்டை மேல ரப்பர் ட்யூப் மாட்டி கிளாம்ப் போடுறது, வெல்டிங் வைக்கிறது, தண்ணிக் குழாய்க்குப் போடுற மாதிரி கம்ப்ரெஷன் ஜாயின்ட் போட்டு நடுவுல ஒட்டுப் போடுறது. நாலும் வேணாம். ஒரு சதுர செ.மீ.க்கு 76 கிலோ, அந்தக் கணக்கை மனசுல வச்சுக்கிட்டு யோசிச்சா போதும்.

மூணாவது கட்டம், ஏர் எடுக்கிறது

குழாயைக் கழட்டினா உள்ள காத்து போயிடும். ஆயிலை அழுத்த முடியாது, அது அப்படியே அழுத்தத்தைக் கடத்தும். காத்தை அழுத்தலாம், அது சுருங்கும். அதனாலதான் ஏர் இருந்தா பெடல் பஞ்சு மாதிரி இறங்குது. இதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் பெடல்ல, ஒருத்தர் வீல்கிட்ட. எங்க வீட்டுல பெடல்ல உட்கார்ந்தது அம்மா.

வீல்ல இருக்குற சின்ன பிளீடர் நட்டுல ஒரு தெளிவான ட்யூப் மாட்டி, மறுமுனையை கொஞ்சம் பிரேக் ஆயில் இருக்குற பாட்டில்ல முக்கணும். மீன் தொட்டிக்குப் போடுற ட்யூபே பொருந்தும். "மிதிம்மா"ன்னா மெதுவா மிதிச்சுப் பிடிக்கணும். நான் நட்டைத் திறப்பேன், குமிழோட ஆயில் வரும். நட்டை மூடினதுக்கு அப்புறம்தான் "விடும்மா." மூடுறதுக்கு முன்னாடி காலை எடுத்தா வெளியில போன காத்து உள்ள வந்துடும். இதையே குமிழ் வராத வரைக்கும் திரும்பத் திரும்ப பண்ணணும். பதினஞ்சாவது தடவை அம்மா கேட்டாங்க: "இன்னும் எவ்வளவு நேரம்டா? சீரியல் முடிஞ்சே போச்சு."

மூணு விஷயம் மறக்காதீங்க. ஒண்ணு, மேல இருக்குற டப்பா காலியாகவே கூடாது. காலியானா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு, பழைய கார்ல பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க வேணாம். மாஸ்டர் சிலிண்டரோட உள்சுவர்ல வழக்கமா பிஸ்டன் போகாத இடத்துல அழுக்கும் துருவும் இருக்கும், அங்க போனா ரப்பர் சீல் கிழியும். பெடலுக்குக் கீழ ஒரு மரத்துண்டு வச்சா போதும். மூணு, எந்த வீல்ல ஆரம்பிக்கணும்னு உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல்ல பாருங்க. ஏபிஎஸ் இருக்குற சில கார்கள்ல உள்ள மாட்டின காத்தை எடுக்க ஸ்கேனர் வேணும். அப்படின்னா அது ஒர்க்‌ஷாப் வேலை.

பேர்லயும் ஒரு ஆபத்து இருக்கு. நாம "பிரேக் ஆயில்"னு சொல்றோம், ஆனா அது ஆயிலே இல்ல. கிளைக்கால் வகைத் திரவம். பேரை நம்பி இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊத்தினா மொத்த சிஸ்டத்துல இருக்குற ரப்பர் சீலும் ஊதிப் போயிடும். மூடி மேல டாட் 3, டாட் 4ன்னு எழுதியிருக்கும், அதையே வாங்குங்க. இந்தத் திரவம் காத்துல இருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சபட்சம் 230 டிகிரி, ஈரம் சேர்ந்த நிலையில தரம் கேட்கிறது 155 டிகிரிதான். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்லயே இறங்கினா, சூட்டுல அந்த ஈரம் ஆவியாகி பெடல் காத்துல மிதிச்ச மாதிரி ஆகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. திறந்து ரொம்ப நாளான பாட்டிலைப் பயன்படுத்தாதீங்க. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. பழசை சாக்கடையில ஊத்தாம மெக்கானிக் ஷெட்ல இருக்குற வேஸ்ட் டின்ல கொடுத்துடுங்க.

முடிச்சதும் இன்ஜினை ஆன் பண்ணி, பெடலை முழு பலத்தோட ஒரு நிமிஷம் மிதிச்சுப் பிடிங்க. மெதுவா இறங்கிட்டே போனா எங்கேயோ கசியுது. இன்னொருத்தர் எல்லா ஜாயின்டையும் டிஷ்யூ பேப்பரால தொட்டுப் பார்க்கணும். அப்புறம்தான் தெருவுல நடக்குற வேகத்துல ஒரு சோதனை. மறுநாள் காலையில டப்பால அளவை மறுபடி பாருங்க.

எங்க ஆரம்பிக்கலாம்?

பிரேக்ல ஆரம்பிக்காதீங்க. ஸ்டெப்னி மாத்துறது, ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி டெர்மினல், அப்புறம் இன்ஜின் ஆயில். அதுக்கப்புறம் வீலைக் கழட்டி பிரேக் பேடைப் பார்க்குறது. பைக் இருந்தா இன்னும் சுலபம், எல்லாம் கண் முன்னாடியே இருக்கு.

வீடியோ பாருங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. நம்ம கிண்டியிலயே நிமின்னு ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கு. ஐடிஐ பாடப் புத்தகங்களைத் தயாரிக்கிறது அவங்கதான். மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவோட புத்தகத்தை எடுத்துப் பாருங்க. ஜாக்கி எங்க வைக்கணும், ஸ்பானர் எப்படிப் பிடிக்கணும்னு ஆரம்பத்துல இருந்து வரும். நாலு வருஷ இன்ஜினியரிங்ல எனக்குக் கிடைக்காத அடிப்படை அதுல இருந்துச்சு. கூடவே ஒரு நல்ல மெக்கானிக்கோட பழக்கம். அவர் நேரத்துக்குக் காசு கொடுங்க, வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு பார்க்கலாமான்னு கேளுங்க. டார்ச் பிடிக்க ஆள் கிடைச்சா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

டூல்ஸ் செலவு பத்தி கேட்பீங்க. ரெண்டு ஜாக் ஸ்டாண்ட், ஃப்ளேர் நட் ஸ்பானர், கண்ணாடி, கையுறை, டார்ச், ட்யூப். நம்மாளுங்க டெஸ்க்ல வச்சிருக்குற நல்ல மெக்கானிக்கல் கீபோர்டு விலைக்குள்ளயே வந்துடும்.

இந்த வார ஹோம்வொர்க் ஒண்ணே ஒண்ணு. எதையும் கழட்ட வேணாம். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பால அளவு எங்க இருக்குன்னு பாருங்க, அந்த இடத்துல ஒரு சின்ன டேப் ஒட்டி தேதி எழுதுங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாருங்க. குறைஞ்சிருந்தா ஊத்தி மறைக்காதீங்க. ஏன் குறைஞ்சுதுன்னு கேளுங்க. கடல் பக்கம் இருக்கிறவங்க, அடுத்த வாட்டர் வாஷ்ல அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணியில அடிக்கச் சொல்லுங்க. உங்க வண்டி இல்லைன்னாலும் அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அங்கிள் வண்டி ஏதாவது ஒண்ணு இருக்கும்ல? அதைப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல பேட்டரி ஏன் ரெண்டே வருஷத்துல செத்துப் போகுதுன்னு பேசலாம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.